முதல் முதுகு

அன்று சாயங்காலம் அவன் காதில் முதலில் உறுத்தியது காலடிச் சத்தம்தான். கூட்டம் நடந்தால் தகரக் கூரையில் மழை விழுவதுபோல் ஒழுங்கில்லாமல் சடசடவென்றுதான் கேட்கும். ஒரு பக்கம் குதிகால் செருப்பு, ஒரு பக்கம் இழுத்து நடக்கும் ரப்பர் செருப்பு, நடுவில் உருளும் பெட்டியின் கடகடப்பு, எங்கோ ஒரு குழந்தையின் அழுகை என்று பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில்கூட அந்தச் சத்தத்தை அவனுக்கு அடையாளம் தெரியும். இன்று அந்தச் சுரங்கப் பாதை நிறைய ஜனம் போகிறது. கேட்பதோ ஒரே ஒரு ஆள் நடக்கிற சத்தம். தப். தப். தப். அவசரமே இல்லாமல், எல்லாக் காலும் ஒரே அடியாக.

அவனுக்குப் பயம் வரவில்லை. வயிறுதான் எரிந்தது. 'பார்றா, பட்டாளம் மாதிரி நடத்திட்டுப் போறான்' என்று முணுமுணுத்துக்கொண்டு, கை மைக்கை வாயருகே தூக்கி, தேவையே இல்லாமல், "நிக்காம நடங்க, நிக்காம நடங்க" என்று கத்தினான். யாரும் நிற்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கூட்டத்துக்கு முன்னால், தூரத்தில், நீலக் கட்டம் போட்ட சட்டை ஒன்று அலுங்காமல் குலுங்காமல் போய்க்கொண்டிருந்தது. அவனுடைய சகலை.

மெட்ரோவில் கூட்டத்தை நகர்த்துவது அவன் வேலை. பழைய பிளாட்பாரத்தின் கூரை ஒழுகுகிறது என்று இரண்டு மாதமாக அதை மூடிவைத்து ரிப்பேர் செய்கிறார்கள். வருகிற வண்டியெல்லாம் தற்காலிக மேடையில் நின்றுவிடும். ஜனங்கள் இறங்கி, நீளமான சுரங்கப் பாதை வழியாக நடந்து, அந்தக் கோடியில் இருக்கும் அடுத்த லைனுக்குப் போய் வண்டி ஏற வேண்டும். பாதை நடுவில் இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போனால் அடுத்த லைன். வலது பக்கம் போனால் மூடிக்கிடக்கும் பழைய பிளாட்பாரம். அதன் கடைசியில் புதிதாக எழுப்பிய சுவர், வேறு வழி கிடையாது. போகக் கூடாத பக்கத்தை அடைக்கச் சக்கரம் வைத்த மஞ்சள் தடுப்பு ஒன்று உண்டு. அதை நிறுத்திவைத்துவிட்டு, கூட்டத்தின் வாலில் கை மைக்கோடு நடந்து வருவது அவன் பொறுப்பு.

பலகை வைத்தார்கள், அம்பு வரைந்தார்கள், எழுத்தைப் பெரிதாக்கி விளக்கும் போட்டுப் பார்த்தார்கள். ஜனம் பலகையைப் பார்க்காது. முன்னால் போகிறவனின் முதுகைப் பார்க்கும். யூனிஃபார்ம் போட்டவனைக் கண்டாலோ நின்று கேள்வி கேட்கும். அதனால் சாதாரணச் சட்டையில், தோளில் பை மாட்டி, வீட்டுக்கு அவசரமாகப் போகிறவன்போல் ஒரு ஊழியர் முன்னால் நடப்பார். அவருக்குப் பெயர் முதுகு. "இன்னைக்கு முதுகு யாருப்பா?" என்றுதான் காலையில் கேட்டுக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். முதுகுக்கு ஒரே ஒரு சட்டம், திரும்பக் கூடாது. முதுகை நம்பி வந்த ஜனம் முகத்தைப் பார்த்தால் நின்றுவிடும், பின்னால் வருகிறவன் மோதுவான், மிதிபட்டுப்போவார்கள். எது நடந்தாலும் முதுகு நடக்கும், தடுப்பு எந்தப் பக்கம் இல்லையோ அந்தப் பக்கம் நடக்கும், யோசிக்காது.

எந்த ஸ்டேஷனில் வழி மாற்றிவிட்டாலும் எட்டு வருஷம் அவன்தான் முதுகு. சகலையை வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவன்தான். கூடப் பிறந்த தங்கை புருஷன் சும்மா இருக்கிறானே என்று மனைவி தினமும் புலம்பினாள் என்பதற்காகத் தன் வாயால் போய்க் கேட்டு வாங்கிக் கொடுத்த வேலை. சேர்ந்த மறு மாதமே அதிகாரி அவனைக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முதுகைப் பாத்தா ஜனங்க கொஞ்சம் யோசிக்கிறாங்க. உங்க சகலை முதுகைப் பாத்தா நம்பிடுறாங்க."

முதுகில் என்னய்யா நம்பிக்கை? எல்லாருக்கும் இருப்பதுபோல் இரண்டு தோள்பட்டை, ஒரு பிடரி. அன்று ராத்திரி குளியலறைக் கண்ணாடி முன்னால் கழுத்தை ஒடித்து ஒடித்துத் தன் முதுகைப் பார்க்க முயன்றான். தோளுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. மனைவி வெளியே நின்று, "உள்ள என்ன பண்றீங்க இவ்வளவு நேரம்?" என்று கதவைத் தட்டினாள்.

அந்த நீலக் கட்டம் போட்ட சட்டைகூட அவள் எடுத்துக் கொடுத்ததுதான். கடையில் இரண்டு சட்டை எடுத்தாள். நீலம் தங்கை வீட்டுக்காரருக்கு, பழுப்பு இவனுக்கு. "அவர் கொஞ்சம் கலரா இருக்கார்ல, நீலம் எடுப்பா இருக்கும்" என்று வேறு சொன்னாள். அவன் அந்தப் பழுப்புச் சட்டையை இன்னும் மடிப்புக் கலைக்காமல் அலமாரியின் அடியில் வைத்திருக்கிறான்.

இப்போது அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று வந்திருந்தது. நகர்வுப் பொறுப்பாளர் என்று ஒரு புது வேலை. மேலே, தரைமட்டத்தில், ஜன்னல் வைத்த அறையில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. பத்து வருஷமாக ட்யூப்லைட்டையே பார்த்துக் கண் வெளுத்துப்போனவனுக்கு அந்த ஜன்னல் கனவில்கூட வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம், வெயில், அவ்வளவுதான் கனவு. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் ஒருவர் வருவார், கூட்டம் நகர்வதை நேரில் பார்ப்பார், இரண்டு பேரில் ஒருவரை மேலே ஏற்றுவார். இரண்டு பேர் யார் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

"தங்கச்சி போன் பண்ணா. அவருக்குத்தான் கிடைக்கும்னு எல்லாரும் பேசிக்கிறாங்களாம்" என்றாள் மனைவி, அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே. "பாவம், ரொம்ப நல்ல மனுஷன்ங்க."

அவன் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான்.

ஒரே அடிச் சத்தம் மறுநாளும் கேட்டது, அதற்கு அடுத்த நாளும். கூட்டத்தின் வாலில் நடந்தபோது இன்னும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. யாரும் கைபேசியைப் பார்க்கவில்லை. யாரும் மெட்ரோ நிர்வாகத்தைத் திட்டவில்லை. கடைசியில் நடந்தவர்களின் தலைமுடியில் சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தது. அலுவலகம் விட்டு வரும் கூட்டத்தில் வழக்கமாக அடிக்கிற வியர்வையும் பவுடரும் கலந்த நெடி இல்லை. ஈரச் சுண்ணாம்பு வாசனை, நாள்பட மூடிவைத்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் முகத்தில் அறைகிற குளிர்ந்த வாசனை. மஞ்சள் தடுப்பைத் தாண்டும்போது, தடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கிலிருந்து ஒருவர் பின் ஒருவராகச் சிலர் வந்து கூட்டத்தோடு சேர்ந்துகொண்டதுபோலவும் தோன்றியது. வேலை முடிந்து போகிற கொத்தனார்களாக இருக்கும் என்று வைத்துக்கொண்டான். 'கொத்தனார்கூட அவன் பின்னாடிதான் போகணுமா? எனக்கு ஒருத்தன், ஒரே ஒருத்தன் இப்படி வந்திருப்பானா?' என்றுதான் மனம் பொருமியது.

பெரியவர் வருவதற்கு முந்தின நாள், உடை மாற்றும் அறையில் சகலை அவனுக்காகக் காத்திருந்தான். ஆள் இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அண்ணே, பின்கழுத்துல ஏதாவது இருக்கா, கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தான். காலருக்கு மேலே, சாம்பல் நிறத்தில் ஈரப் பொடி. யாரோ மிகக் கிட்டத்தில் நின்று மூச்சுவிட்டு மூச்சுவிட்டுப் படிந்ததுபோல் வட்டமாக இருந்தது. விரலால் தொட்டான். சில்லென்றிருந்தது.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

"நாளைக்கு ஒருநாள் நீங்க முதுகு போறீங்களா அண்ணே?"

"ஏன்? பெரியவர் வர்ற நாளாப் பாத்து எனக்குப் பிச்சை போடுறியா?"

"ஐயோ, சத்தியமா அப்படி இல்லண்ணே." சகலையின் குரல் இறங்கியது. "எல்லாரும் வண்டி ஏறிப் போனப்புறமும் என் பின்னாடி ஆள் இருக்கு. ரோட்டுல வருது. படியேறி வருது. வீட்டு வாசல்ல நின்னுடுது. நான் திரும்பவே இல்ல. நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, திரும்பக் கூடாதுன்னு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எரிச்சலும் வந்தது. ஊரே பின்னால் வருகிறது என்று இவன் பீற்றிக்கொள்வதற்கு இப்படி ஒரு வழியா!

"ஜனங்க உன்னை விட மாட்டேங்குறாங்கன்னு சொல்ல வர்ற. அப்படித்தானே? போ சகலை, போய்த் தூங்கு" என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சகலை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தான், பின்கழுத்தைச் சுவரோடு அழுத்தி ஒட்டவைத்துக்கொண்டு.

யோசனை அன்று ராத்திரியே வந்துவிட்டது. ரொம்பச் சின்ன யோசனை. பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதுகூட இல்லை. வலது பக்கம் நிற்கிற தடுப்பை இடது பக்கம் தள்ளினால் போதும். சகலை தடுப்பு இல்லாத பக்கம் நடப்பான். கூட்டத்தோடு பழைய பிளாட்பாரத்தில் போய் முட்டி நிற்பான். ஜனம் கத்தும், வீடியோ எடுக்கும். பெரியவர் அந்தக் கோடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். யாருக்கும் அடிபடாது. மானம் மட்டும் போகும். அது போகட்டும், தாராளமாகப் போகட்டும்.

மறுநாள் மாலை, கூட்டம் மொய்க்கிற நேரம். தடுப்பை இடது பக்கம் தள்ளினான். சக்கரம் கீச்சென்றது. வலது பக்கப் பாதை திறந்துகொண்டதும் உள்ளேயிருந்து ஈரச் சுண்ணாம்பு வாசனையோடு குளிர் கணுக்கால் வரை வந்தது. அவன் சுவரோரம் தூண் மறைவில் ஒதுங்கி நின்றான்.

தப். தப். தப்.

நீலக் கட்டச் சட்டை வந்தது. பின்னால் கூட்டம். பிரிகிற இடத்தில் சகலையின் கால் ஒரு கணம் தயங்கியது. இடது பக்கம் தடுப்பு. வலது பக்கம் இருட்டு. கழுத்து திரும்ப முயன்றது, தோள் நடுங்கியது. ஆனால் திரும்பவில்லை. தடுப்பை நிறுத்தியது அண்ணன்தானே என்ற நம்பிக்கையில் வலது பக்கம் காலை வைத்தான்.

கூட்டமும் திரும்பியது. ஒருவர் பின் ஒருவராக. நரைத்த தலை, நரைத்த தலை, நரைத்த தலை. சிறியவர்களுக்கும் அப்படித்தான். ஒரு முகம்கூட அவன் பக்கம் இல்லை. மூச்சுச் சத்தமும் இல்லை.

இடுப்பிலிருந்த வாக்கி-டாக்கி கரகரத்தது. தற்காலிக மேடையிலிருந்து டிரைவர்களுக்குக் கொடி காட்டும் பெண் பேசினாள்.

"அண்ணா, வண்டி இன்னும் வரல. முந்தின ஸ்டேஷன்லயே நிக்குது. மேடை காலியாத்தான் இருக்கு. முதுகைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க."

அவன் வாக்கியைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான்.

வண்டி வரவில்லை.

அப்படியானால் இவ்வளவு பேர்?

கை மைக் கையில்தான் இருந்தது. வாய்க்குக் கொண்டுபோனான். 'சகலை, நில்லு' என்று ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை போதும். நின்றுவிடுவான், திரும்பி ஓடிவந்துவிடுவான், வந்து இடது பக்கம் போவான், பெரியவர் கைகுலுக்குவார், மேலே கூட்டிப்போவார். ஜன்னல், மரம், வெயில்.

மைக்கைக் கீழே இறக்கினான்.

கடைசித் தலையும் இருட்டில் போனது. தப், தப் என்று சத்தம் தேய்ந்துகொண்டே போனது. எங்கும் முட்டவில்லை. யாரும் கத்தவில்லை. சுவர் இருக்கிற தூரத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

டார்ச்சோடு உள்ளே போனபோது பழைய பிளாட்பாரம் காலியாகக் கிடந்தது. சாரக் கம்பிகள், தொங்கும் பிளாஸ்டிக் தாள், சொட்டுகிற தண்ணீர். தரை முழுக்கச் சிமெண்டுப் பொடி. அதில் ஒரே ஒரு ஜோடிக் காலணித் தடம் நேராகச் சுவர் வரை போயிருந்தது. திரும்பி வரவில்லை. சுவரில் கீறல்கூட இல்லை. காதை ஒட்டவைத்தான். ரொம்ப உள்ளே. தப்.

ஓடி வந்தான். தடுப்பைப் பழையபடி வலது பக்கம் தள்ளி, காலால் சக்கரத்தைப் பூட்டினான். வாக்கி மறுபடி கத்தியது. "வண்டி வந்துடுச்சு! ஜனங்க முட்டி நிக்கிறாங்க. முதுகு எங்கே? யாராவது முன்னாடி போங்களேன்!"

யூனிஃபார்ம் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தான். யாருடையதோ ஒரு பையைத் தோளில் மாட்டினான். முன்னால் போய் நின்றான். நடந்தான்.

வந்தார்கள். அட, வந்தார்கள்! யாரும் யோசிக்கவில்லை. யாரும் வழி கேட்கவில்லை. செருப்பும் பெட்டியும் குழந்தையின் அழுகையுமாகப் பழைய மழைச் சத்தம் அவன் பின்னால் ஓடி வந்தது. 'என் முதுகுக்கு என்னடா குறைச்சல்?' பிரிகிற இடத்தைத் தாண்டினான். தடுப்பைத் தாண்டினான். இடுக்கைத் தாண்டினான்.

மழை ஓய்ந்தது.

தப். தப். தப்.

திரும்பக் கூடாது. நடந்தான். பிடரியில் ஏதோ சில்லென்று பட்டது. நடந்தான்.

அந்தக் கோடியில் அதிகாரியும் பெரியவரும் நின்றிருந்தார்கள். பெரியவர் அவன் தோளைத் தட்டினார். "இவ்வளவு அமைதியான கூட்டத்தை நான் எங்கயும் பாத்ததில்லப்பா. நாளையிலேர்ந்து மேல வந்து உக்காரு." அதிகாரிக்கே ஆச்சரியம். "உங்க முதுகை நான் தப்பா எடை போட்டுட்டேன்" என்றார். "ஆமா, சகலை எங்க?"

"உடம்பு சரியில்லன்னு வீட்டுக்குப் போயிட்டார் சார்."

வண்டி வந்தது. ஏறினார்கள். கதவு மூடியது. வண்டி போனது. அதிகாரியும் பெரியவரும் போனார்கள். மேடை காலி.

பிடரியில் மூச்சு.

படியேறினான். தப். வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. பேருந்துகள், சைக்கிள்கள், பழக்கடை. எதிரே வந்தவர்கள் எல்லாரும், ஏனென்று தங்களுக்கே தெரியாமல், சாலை ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு நாய் குரைக்க வாயைத் திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. சட்டைப்பையில் போன் அடித்தது. கொழுந்தியாள்.

"மாமா, அவர் கிளம்பிட்டாரா? போனே எடுக்கல."

"வர்றான்மா."

"குரல் ஏன் இப்படி இருக்கு? கூட இருக்காரா?"

போனை அணைத்தான்.

மூன்றாவது மாடி. படி. படி. படி. கம்பிக் கைப்பிடி அதிர்ந்தது. வீட்டு வாசல். சகலை சொன்னது ஞாபகம் வந்தது, வாசலில் நின்றுவிடும். நின்றுவிடும். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும். காலை ஜன்னல். மரம். வெயில்.

மனைவி கதவைத் திறந்தாள். முகம் மலர்ந்தது. மலர்ந்தது அவனைப் பார்த்து இல்லை.

"அட, இவரையும் கூட்டிட்டு வந்தீங்களா! வாங்க, வாங்க. நீலச் சட்டை, நான்தான் சொன்னேன்ல, எவ்வளவு எடுப்பா..." சிரிப்பு பாதியில் நின்றது. "என்னங்க இது? ஏன் எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறாங்க?"

திரும்பக் கூடாது.

திரும்பினான்.

வாசலில், அவன் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், நீலக் கட்டம் போட்ட முதுகு. நனைந்த சாம்பல் பொடி. பிடரியில் அவன் விரல் பட்ட தடம். அதற்குக் கீழே படி நிறைய, அடுத்த படி நிறைய, வளைவு தாண்டி, தெரு வரை. அத்தனையும் முதுகு. ஒருவரும் அவன் பின்னால் வரவில்லை. இவ்வளவு நேரமும் எல்லாரும் அவனுக்கு முன்னால் வரிசையில் நின்றிருக்கிறார்கள். அவன்தான் வால்.

நீலச் சட்டை ஒரு படி கீழே இறங்கியது.

தப்.

அவன் கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நகம் மரத்தில் கீறியது. கால் தானாக உயர்ந்தது. இறங்கியது. அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க நம்பிக்கையாக இருந்தது.

தப்.

"உள்ளே போ" என்று சொல்லப் பார்த்தான். "கதவைச் சாத்து. என்னைப் பாக்காத." வாய் அசையவில்லை.

அவனுக்குப் பின்னால், வீட்டு வாசற்படியில், மெட்டி போட்ட கால் ஒன்று அதே அடியில் இறங்கியது.

தப்.